பன்னிரண்டு டின் தக்காளி

அம்மா: பன்னிரண்டு டின்னா? ஏண்டி, வீட்டில் இருப்பது நீங்கள் இரண்டு பேர்.

மகள்: ஒரு மாதத்துக்குத்தானே அம்மா. விலை குறைத்துப் போட்டிருந்தான், மொத்தமாக எடுத்துவிட்டோம்.

அம்மா: லாரி வாசல் வரைக்கும் வந்ததா, தெருமுனையிலேயே இறக்கிவிட்டானா?

மகள்: எந்த லாரி? அவர்தான் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அம்மா: மாப்பிள்ளையா! போன மாதம்தானே முதுகுவலி என்றார்?

மகள்: அதெல்லாம் சரியாகிவிட்டது. நடந்தே வந்தார், பஸ் காசு மிச்சம்.

(அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். ஒட்டன்சத்திரம் பக்கம் டின் என்றால் எண்ணெய் டின், 15 கிலோ. அவர் மனக்கண்ணில் மாப்பிள்ளை இப்போது 180 கிலோவோடு இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்.)

அம்மா: பார்த்து வேலை வாங்கடி. பெற்றவர்கள் நம்பிக் கொடுத்த பிள்ளை.

மகள்: சரி, ரசத்துக்கு மிளகு எவ்வளவு, அதைச் சொல். இப்போதுதான் டின்னை உடைத்தேன்.

அம்மா: ரசத்துக்கு ஒரு டின்னா? எத்தனை பந்தி?

மகள்: பந்தியா? இரண்டு பேர்தான். நாளைக்கு மிச்சம்கூட இருக்காது.

அம்மா: ஏதாவது விசேஷமா கண்ணு? என்னிடம் சொல்லலாமே. எத்தனை மாதம்?

மகள்: அம்மா! ரசம் வைத்தால் விசேஷமா?

அம்மா: ஒரு டின் வைத்தால் விசேஷம்தான். சரி, எதால் உடைத்தாய்? உளியும் சுத்தியலுமா?

மகள்: அதற்குத் திறப்பான் இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் உளி. 1810இல் இங்கே டின்னுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள், அதைத் திறக்கிற கருவி வர அப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது.

அம்மா: சமைக்கிறவளிடம் யாரும் கேட்கவில்லை என்று தெரிகிறது. இருக்கட்டும். பச்சைத் தக்காளியே கிடைக்காத ஊரா அது?

மகள்: கிடைக்கும். ஜனவரியில் வருகிற தக்காளி, பிரம்பு வாத்தியாரைப் பார்த்த பையன் மாதிரி வெளிறிப்போய் இருக்கும். அடுப்பில் போட்டாலும் சிவக்காது. இது ஆகஸ்டில் இத்தாலியில் நன்றாகப் பழுத்த பிறகு பறித்தது.

அம்மா: ஆகஸ்டில் பறித்ததை ஜனவரியில் தின்கிறாயா!

மகள்: சித்திரையில் நீ போட்ட வடகத்தை மார்கழியில் வறுக்கவில்லையா?

அம்மா: அது காய்ந்தது.

மகள்: ஒரு வாரமாக ஃப்ரிட்ஜில் இருக்கிற மாவு?

அம்மா: அது புளித்தது.

மகள்: போன பொங்கலுக்குக் கிளறிய தக்காளித் தொக்கு?

அம்மா: அது நான் கிளறியது. டின்னில் அடைத்ததை மனுஷன் தின்பானா?

மகள்: பழனி பஞ்சாமிர்தம்?

அம்மா: அது சாமி. அதுவும் அது அரைக் கிலோ டப்பா, டின் இல்லை.

மகள்: இதுவும் அந்த அளவுதான் அம்மா. 400 கிராம்.

(போன் கெட்டுவிட்டதோ என்று மகள் இரண்டு தடவை ஹலோ சொன்னாள்.)

அம்மா: அதைத்தான் இவ்வளவு நேரம் டின் டின் என்றாயா? நான் மாப்பிள்ளைக்கு முருகனிடம் நேர்ந்துகொள்ளவே ஆரம்பித்துவிட்டேன்.

மகள்: அதில் தக்காளி மட்டும் பார்த்தால் 240 கிராம் இருக்கும்.

அம்மா: மிச்சம்?

மகள்: தக்காளிச் சாறு. அதுவும் ரசத்துக்கு ஆகும்தானே? டப்பாவைத் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றிவிட்டேன்.

அம்மா: என் மகள்தான். மருந்து போட்டிருப்பானே?

மகள்: சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருக்கிற புளிப்புதான். அதனால் புளியைப் பாதியாகக் குறைத்தேன். மூடிய பிறகு சூட்டில் வைத்தே கிருமியைக் கொன்றுவிடுகிறார்கள், வேறு மருந்து தேவையில்லை. துண்டு போட்டு வருவதில் மட்டும் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள். எவ்வளவு கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். அதனால் முழுத் தக்காளியாக வாங்கிக் கையால் பிசைந்துவிடுவேன்.

அம்மா: உங்கள் பெரியப்பா மாதிரி. எவ்வளவு கொதித்தாலும் கரைய மாட்டார். டப்பா என்ன விலை?

மகள்: அரைப் பவுண்டு. நம் காசுக்கு ஐம்பது, அறுபது ரூபாய் வரும். இரண்டு வருடம் கெடாது.

அம்மா: இரண்டு வருடம்.

மகள்: ஆமாம்.

அம்மா: உன் சித்தப்பா போன வாரம் இருபது பெட்டி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனார். 14 கிலோப் பெட்டியை நூறு ரூபாய்க்குக் கேட்டான். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் அது காணுமா? திருப்பிக்கொண்டு வந்து மாட்டுக்குப் போட்டார். இரண்டாம் நாள் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மகள்: அடப்பாவமே.

அம்மா: இருபது பெட்டிக்கு உன் டப்பா எத்தனை தேறும்?

மகள்: 280 கிலோ... கிட்டத்தட்ட 700 டப்பா.

அம்மா: உங்கள் ஊர் விலைக்கு?

மகள்: நாற்பதாயிரம் ரூபாய் பக்கம் வரும்.

அம்மா: சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே, மனுஷன் தூங்க மாட்டார். இங்கே விலை ஏறினால் டிவிக்காரன் மைக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இறங்கினால் மாடுதான் வருகிறது.

மகள்: ரசம் நுரை கட்டுகிறது அம்மா.

அம்மா: இறக்கு, இறக்கு. காலி டப்பாவை எறிந்துவிடாதே. அடியில் ஓட்டை போட்டு ஒரு கறிவேப்பிலைக் கன்று வை.

மகள்: இந்தக் குளிரில் கறிவேப்பிலை வராது அம்மா.

அம்மா: ஏன், அதுவும் டப்பாவில்தான் வருமா?