காசு இருந்த இடத்தில் ரோமர் இருந்தார்களா?

தமிழகத்தில் ரோமக் காசு கிடைத்த ஊர்களில் எல்லாம் ரோமானியர் குடியிருந்தனர் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காசு கைமாறிக் கைமாறி வெகுதூரம் போகும் பொருள்.

1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 பொற்காசுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே ஆழமான உளி வெட்டு. இனி இது நாணயமாகச் செல்லாது, எடை போட்டு வாங்கும் தங்கம்தான் என்பதற்கான அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

வெள்ளியிலும் இதே கண்டிப்புத்தான். கொங்குப் பகுதிப் புதையல்களில் நீரோவுக்கு முந்தைய ரோமப் பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிகுதி. கி.பி. 64 வாக்கில் பேரரசன் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் இங்கே மிக அரிது. நம் வணிகர்கள் உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்!

புதையல் கிடைத்த இடங்களை வரைபடத்திலும் பாருங்கள். அவை செறிந்திருப்பது கேரளக் கடற்கரையின் பழைய துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொடுமணல், கரூர் நோக்கி வரும் பெருவழியை ஒட்டி. அந்த வழியை ஒட்டிய படியூரில் பச்சைக்கல் (பெரில்), கொடுமணலில் மணி செய்யும் பட்டறைகள். இந்தக் கைவினைஞர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?