குப்பையை எரித்தால் கொசு ஒழியுமா?

“குப்பையைத் தெருமுனையில் குவித்து எரியுங்கள், கொசு ஒழியும், கிருமி சாகும்” என்றொரு செய்தி சென்னைக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. தொட்டியிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசு குறையும். புகை சில நிமிடம் விரட்டும், அவ்வளவுதான். ஆனால் இன்றைய குப்பையில் நெகிழியும் கலந்திருக்கிறது. பி.வி.சி. போன்றவை குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் என்னும் நச்சு வெளியாகிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தைதான். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததைச் சுற்றுவட்டார மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. திறந்தவெளியில் குப்பை எரிக்க நாடு முழுவதும் தடை விதித்து, 5,000 ரூபாய், பெருமளவு எரித்தால் 25,000 ரூபாய் என அபராதமும் குறித்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். 2016 டிசம்பர் 22-ஆம் தேதியிட்ட அந்த ஆணையைத் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.