அந்தப் பையை வெளியே வைக்கச் சொன்னவர்களுக்கு

இரண்டு நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஞாயிறு காலை ஏழு மணி ஆராதனையில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேர் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைப் பார்த்தீர்கள். நேற்று ராத்திரி அந்தப் படத்துக்குக் கீழே இன்னொரு "ஆமென்" விழுந்தது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உணவு டெலிவரி செய்கிற ஒரு பையன், வேலை டீஷர்ட்டோடு, முதுகில் அந்தச் சதுரப் பையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவன் செய்தது அவ்வளவுதான். பையை வெளியே வைத்துவிட்டு வா என்றார்கள். தொலைந்து போனால் என் கைக்காசுதான் போகும் சார் என்றான். அப்படியென்றால் நீயும் வெளியிலேயே இரு என்றார்கள். பைக் நிறுத்துகிற இடத்தில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, ஒலிபெருக்கியில் வந்த பிரசங்கத்தை நின்றுகொண்டே கேட்டான். திருவிருந்துக்கு முன்னாலேயே போய்விட்டான். முகம் தெரிகிற மாதிரி படம் எடுத்து "இது ஆலயமா, ஓட்டலா?" என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

நான் நான்காவது வரிசையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன், எழுந்து போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் வந்தான். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆர்டர் அதிகம், போனை அணைத்தால் அன்றைய வருமானம் குறையும். அது தெரிந்தும், இரண்டு ஆர்டருக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் டீக்கடைக்குப் போகாமல் ஆலயத்துக்கு வந்தான். வாலிபர்கள் சபைக்கு வருவதில்லை, உலகம் இழுத்துக்கொண்டு போகிறது என்று மாதம் ஒரு உபவாச ஜெபம் வைக்கிறோம். வந்த வாலிபனை வாசலில் நிறுத்திவிட்டு யாருக்காக ஜெபிக்கிறோம்?

"ஓய்வுநாளில் வேலை செய்கிறவனுக்கு என்ன ஆராதனை?" என்று ஒரு பெரியவர் குழுவில் கேட்டிருக்கிறார். ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன். ஆராதனை முடிந்து வீடு போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே போனில் பிரியாணி சொல்கிற குடும்பங்கள் நம் சபையில் எத்தனை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அதில் ஒன்று. ஞாயிறு மதியம் அந்தப் பையைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தால் "தேங்க்ஸ் தம்பி" என்கிறோம். அதே பையோடு காலையில் ஆலயத்துக்கு வந்தால் ஓய்வுநாளை மீறுகிறவன் ஆகிவிடுகிறானா?

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது ஆதிச் சபைக்குக் கிடையவே கிடையாது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வுநாளாக அறிவித்தது கி.பி. 321-ல்தான். அதுவும் வயலில் வேலை செய்கிறவர்களுக்கு விலக்கு வைத்து. அதற்கு முன்னால் இருந்த விசுவாசிகளுக்கு அது சாதாரண வேலை நாள். கி.பி. 112 வாக்கில் பித்தினியா என்கிற ரோம மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இந்தக் கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடிவதற்கு முன்னால் கூடிப் பாடுகிறார்கள் என்று எழுதுகிறார். சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் அவரே எழுதுகிறார். அடிமைகள், கூலிக்காரர்கள். விடிந்தால் எஜமான் வீட்டு வேலை. என்ன உடுத்திக்கொண்டு வந்திருப்பார்கள் அவர்கள்?

என் அப்பா பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். பெரம்பூரில் கிளம்பும் 29சி-யில் பல வருஷம் ஓடினார். ஞாயிறு டியூட்டி விழுந்தால் இரண்டு டிரிப்புக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு ஆலயத்துக்கு ஓடி வருவார். தோல் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்காருவார். எவ்வளவு அழுத்தினாலும் முழங்காலிடும்போது பைக்குள் சில்லறை சரியும். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிற நேரத்தில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்கும். எட்டு வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு இருந்த ஆயர் என்ன செய்வார் தெரியுமா? திருவிருந்து தொடங்கியதும் அப்பாவைப் பார்த்துத் தலையசைப்பார். அப்பாதான் முதலில் போவார், கழுத்தில் விசில் கயிறு தொங்க. அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடுவார். கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பார்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, ஆலயத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் வேதத்தில் யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் கொடுத்து, கந்தை உடுத்தியவனை அங்கே நில் என்று சொல்வதைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது? பெயரை எடுத்துவிட்டால் நம் சபையைப் பற்றி எழுதியது போலவே இருக்கிறது.

பாதுகாப்புக்காகச் சொன்னோம், 2019 ஈஸ்டர் அன்று இலங்கை ஆலயங்களில் குண்டு வெடித்ததை மறந்துவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மறக்கவில்லை. ஆனால் அவன் பையைத் திறந்து காட்டினானே. பாதுகாப்புதான் கவலை என்றால் அதோடு முடிந்திருக்க வேண்டும். படம் எதற்கு?

போன் சத்தம் வந்ததாமே. வந்தது. சைலண்டில் போடு தம்பி என்றால் போட்டிருப்பான்.

சபை விஷயத்தை முகநூலில் எழுதலாமா என்று கேட்கிறவர்கள்தான் என்னை அதிகம் நோகடிக்கிறார்கள். நானூறு பேர் இருக்கிற குழுவில் ஒரு பையனின் முகத்தைப் போட்டபோது உங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அவன் மானம் போனபோது அமைதி, சபை மானம் என்றதும் எனக்கு ஆறு போன் கால். நான் சபையை விட்டுப் போகப்போவதில்லை. ஞானஸ்நானம் வாங்கியது இங்கே, கல்யாணம் நடந்தது இங்கே, அப்பாவை எடுத்துக்கொண்டு போனதும் இதே வாசல் வழியாகத்தான். எனக்கு இது வலிக்கக் கூடாதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டில் கேட்டார்கள். என் மகள் நர்ஸ். சனி இரவு டியூட்டி முடித்துவிட்டு நேராக ஆராதனைக்கு வருவாள். பிரசங்கத்தில் தூங்கிவிடுவாள், என் தோளில் சாய்ந்து. ஒருநாள் பின் வரிசையில் இருந்த ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு பயபக்தி சொல்லிக் கொடுங்க" என்றார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மகளைத் திட்டினேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவளைத் திட்டினேன். அதற்கப்புறம் அவள் வருவதில்லை. ஏழு மாதம் ஆகிறது.

வேதத்தில் ஒரு சம்பவம் வருகிறது. துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் செய்தபோது ஐத்திகு என்கிற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். அவனும் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்தவனோ என்னவோ. பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். பயபக்தியைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை ஓய்வுநாள் பள்ளியில் நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் மகளுக்கும் சேர்த்து.

படத்தைப் போட்ட சகோதரரே, உங்கள் பெயரை எழுதமாட்டேன். இன்று இரவுக்குள் அதை நீக்குங்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று செயலரிடம் கேட்டால் தெரிந்துவிடும். போய்ப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

தம்பி, இது உன் கண்ணில் படுமா தெரியவில்லை. இடது பக்கம் நான்காவது வரிசை, ஓரத்தில் இருப்பேன். எந்நேரம் வந்தாலும் வா. பையை எனக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், இடம் இருக்கிறது.