32 கோர் எனக்கு எதற்கு?

கணினி வாங்கப் போனால் செயலிக்குள் எத்தனை கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி), கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி என்பதைத் தாண்டி எவரும் பேசுவதே இல்லை. நான் செய்வது ரிவர்ஸ் இன்ஜினியரிங். மூலநிரல் கிடைக்காத மென்பொருளைப் பிரித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டறியும் வேலை. இதற்கென்று விலைப்புள்ளி கேட்டால் வருவதெல்லாம் 32 கோர், கண்ணாடிப் பெட்டி, வண்ண விளக்கு, பாதிப் பணத்தை விழுங்கும் கிராபிக்ஸ் கார்டு! அந்தக் கார்டு என் வேலையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது.

அமெரிக்காவின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. 2019-இல் இலவசமாக வெளியிட்ட கீத்ரா என்ற ரிவர்ஸ் இன்ஜினியரிங் கருவியில் ஒரு பெரிய கோப்பை ஏற்றுங்கள். முதலில் தானியங்கி ஆய்வு ஓடும். ஒரு கட்டளையைப் பிரித்தால்தான் அது எந்த ஃபங்ஷனை (நிரலின் தனித் துண்டை) அழைக்கிறது என்று தெரியும். அதைப் பிரித்தால்தான் அடுத்தது தெரியும். பெரும்பகுதி வேலை இப்படி வரிசையில்தான் நடக்கிறது. கிணற்றுக்குள் ஒருவர் நின்று தோண்டத்தான் இடம் என்றால், மேலே 31 பேரைக் கூலி கொடுத்து நிறுத்தி என்ன பயன்? பிரித்துக் கொடுக்க முடியாத பகுதிதான் மொத்த வேகத்துக்கு வரம்பு என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். இன்னும் கோர் எண்ணிக்கையைக் காட்டியே விற்கிறார்கள்!

எனக்கு வேண்டியது தனி ஒரு கோரின் வேகம். அடுத்தது பெரிய கேச், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் அதிவேகச் சிறு நினைவகம். இந்தக் கருவிகள் நினைவகத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாவித் தாவிப் படிப்பவை. ஏஎம்டியின் 7800எக்ஸ்3டி சில்லில் இருப்பது 8 கோர்தான், எல்3 கேச் 96 எம்பி. அதைக் கேட்டால், "அது கேம் விளையாடுபவர்களுக்கு" என்று கொள்முதல் பிரிவு திருப்பி அனுப்புகிறது.

கார்டுக்குக் கொட்டிய பணத்தை ஈடுகட்ட ரேமை 16 ஜிபியில் நிறுத்துகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். கீத்ராவின் பெரும்பகுதி ஜாவா மொழியில் எழுதப்பட்டது. நாம் அளவு சொல்லாவிட்டால் ஜாவா வழக்கமாக மொத்த ரேமில் கால் பங்கை, அதாவது 4 ஜிபியைத்தான் தன் உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளும். பெரிய ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒன்றை ஏற்றினால் அது நிரம்பிவிடும். பிறகு ஆய்வைவிட இடத்தைக் காலி செய்வதிலேயே நேரம் போகும். இந்த வரம்பைக் குறிக்கும் மேக்ஸ்மெம் அளவை உயர்த்தலாம். உயர்த்துவதற்கு ரேம் வேண்டாமா? போதாக்குறைக்கு, ப்ராஜெக்ட் கோப்புறையில் எதை எழுதினாலும் ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து சோதிக்கிறது. விலக்கு கேட்டால் விதியில் இடமில்லையாம்.

கடவுச்சொல் உடைப்பவருக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவை, மறுக்கவில்லை. தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பிழை தேடும் ஃபஸ்ஸிங் செய்பவருக்கும், ஒரே நேரத்தில் பல கோப்புகளை ஆராய்பவருக்கும் 32 கோரும் உழைக்கும். என் முன்னால் இருப்பது ஒரே ஒரு பெரிய கோப்பு! என்ன வேலை என்று கேட்டுவிட்டு விலைப்புள்ளி போடக்கூடாதா? கடையில் இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு ரௌட்டர் ஃபர்ம்வேரைப் பென்டிரைவில் நானே கொண்டுவருகிறேன். இரண்டிலும் ஓட்டிப் பார்க்க விடுங்கள், எது முதலில் முடிக்கிறதோ அதற்கு அங்கேயே பணம் கட்டுகிறேன்.