ஆள் பேசும் அலைவரிசையில் ட்யூனரைத் திருகாதீர்கள்

மறுபடியும் அதே ஊளை. ஞாயிறு காலை ஆறேகால் மணி, ஹாம் ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள 40 மீட்டர் பேண்ட். தேனிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன் கூப்பிடுகிறான். உரிமம் கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறதாம். ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோ மாதிரியைப் பார்த்துத் தானே பற்றவைத்த கருவி. ஐந்து வாட்ஸ் இருந்தால் அதிகம். இரைச்சலுக்கு அடியிலிருந்து அவன் குரல் வருகிறது. அவன் அழைப்புக் குறியில் விக்டர் (V), யூனிஃபார்ம் (U), மூன்று, அப்புறம் இரண்டு எழுத்து பிடிபட்டது. கடைசி எழுத்தை மறுபடி சொல்லச் சொன்னேன். "அண்ணா, கேட்கிறதா?" என்றான்.

அந்த நொடியில் ஏறியது கேரியர், பேச்சே இல்லாத வெறும் அலை.

விசில் சத்தம் காதைக் கிழிக்கிறது. பெருகுகிறது, சட்டென்று சுருங்குகிறது, மறுபடி பெருகுகிறது. யாரோ ட்யூனரை, அதாவது ஆண்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டியை, திருகுகிறார். கண்டென்சர் குமிழ் ஒன்று திரும்புகிறது, பிறகு காயில், பிறகு இன்னொரு கண்டென்சர், திரும்பவும் முதலிலிருந்து. நடுவில் இரண்டு முறை சத்தம் படபடவென்று உடைந்தது. ட்யூனருக்குள் பொறி பறந்திருக்க வேண்டும். அப்போதும் நிறுத்தவில்லை. முழு 100 வாட்ஸில் ஆறு நிமிடம்! மூன்று முறை கத்தினேன், "இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று. யார் கேட்பது? அனுப்பிக்கொண்டிருப்பவருக்குக் காது கிடையாது. அதனால்தான் விசையை அழுத்துவதற்கு முன்னால் கேள் என்கிறோம். அலைவரிசை காலியா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தொடங்க எவ்வளவு நேரமாகும்? பத்து வினாடி. அதுகூட முடியாதா?

ஊளை ஓய்ந்ததும் ட்யூனரைத் திருகியவர் குரல் வந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "எஸ்டபிள்யூஆர் 1.1க்கு வந்துவிட்டது. ஆனால் பேசும்போது மீட்டரில் 30 வாட்ஸ்தான் காட்டுகிறது. ரேடியோ பழுதா?" என்றார். எஸ்டபிள்யூஆர் என்பது பொருத்தம் எப்படி என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்.

ஐயா, ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேரியர் சீரானது, முள் 100இல் நிற்கும். பேச்சு அப்படியல்ல, எழுத்துக்கு எழுத்து ஏறி இறங்கும். உச்சம் 100ஐத் தொட்டாலும் சாதாரண முள் அதன் பின்னால் ஓட முடியாது, சராசரியைத்தான் காட்டும். பல மீட்டர்களில் பிஇபி என்று ஒரு பொத்தான் இருக்கிறது. உச்சத்தைப் பார்க்கத்தான் அது. இது தெரியாமல் மைக் கெயினை ஏற்றி முள்ளை 100க்குத் தள்ளுகிறார்கள். பக்கத்து அலைவரிசையெல்லாம் கரகரவென்று நாறுகிறது.

ஆண்டெனா என்னவென்று கேட்டேன். 14 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோல், நடுவில் கேபிள் இணைத்த இருபக்கக் கம்பி! 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு பக்கமும் பத்து மீட்டர் கம்பி வேண்டிய இடத்தில் ஐந்து மீட்டர். கீழே வர 30 மீட்டர் மெல்லிய கேபிள். அந்த 1.1ஐத்தான் வெற்றி என்று கொண்டாடுகிறார். மீட்டர் இருப்பது ரேடியோவுக்கும் ட்யூனருக்கும் நடுவில். அதற்குத் தெரிந்தது அந்த ஒரு முழக் கேபிள் மட்டும். ட்யூனர் ஆண்டெனாவை ஒன்றும் செய்துவிடாது, ரேடியோவுக்கு 50 ஓம் போலத் தெரிய வைக்கும், அவ்வளவுதான். அதற்கு அப்பால் பொருத்தமின்மை அப்படியே இருக்கிறது. ஆற்றலில் பெரும்பங்கு அந்த 30 மீட்டர் கேபிளைச் சூடாக்கிவிட்டு முடிந்துபோகிறது. காற்றில் ஏறாத ஆற்றலுக்காக ஒரு பையனின் குரலை நசுக்கினார்.

இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! முதலில் எதையும் அனுப்பாமல், காதில் விழும் இரைச்சல் உச்சத்துக்கு வரும்வரை குமிழ்களைத் திருப்புங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். பிறகு சில கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போய், காலியா என்று கேட்டு, பத்து வாட்ஸில் சில வினாடிகள் மட்டும் திருத்துங்கள். குமிழ் நின்ற எண்களை ஒரு தாளில் எழுதி ட்யூனர் மேலேயே ஒட்டிவையுங்கள். நாளைக்குத் தேட வேண்டாம். என் ட்யூனர் மேல் ஒட்டிய தாள் மஞ்சளாகிவிட்டது, இன்றும் அதைப் பார்த்துத்தான் வைக்கிறேன்.

ஏழு மணிவரை அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. லாக் புத்தகத்தில் ஐந்து கட்டத்தில் எழுத்தும் ஆறாவதில் ஒரு கோடுமாக அந்த வரி நிற்கிறது. மாலையில் வருவானோ என்று ஆறரைக்கு மறுபடி உட்கார்ந்தால், எதிர்வீட்டு வாசலில் புதிதாக மாட்டிய எல்இடி விளக்கு எரிகிறது. அதற்குள் ஒரு வடிகட்டிகூட இல்லாத மலிவு டிரைவர் சுற்று. பேண்ட் முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒரே இரைச்சல்.