பயனடைந்தார் என்று யார் சொன்னது?

அந்தப் படத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூட வராண்டா, பின்னால் பேனர், ஒரு வயதான அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். ஒரு கல்லூரி, சிறந்த விரிவாக்கப் பணிக்கு, அதாவது ஊருக்குள் வந்து செய்யும் சேவைக்கு, விருது வாங்கிய அறிக்கையில் முதல் பக்கத்துப் படம் அது. கீழே "முகாமில் பயனடைந்த மூதாட்டி" என்று ஒரு வரி.

அந்த மூதாட்டி என் பெரியம்மா. வலது கண்ணில் புரை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பயனடைந்தார் என்று யார் சொன்னது?" என்று ஒரே ஒரு வரிதான் நான் கேட்டேன். அதற்குத்தான் இத்தனை போன், இத்தனை அறிவுரை. சரி, நடந்ததை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

ஐப்பசியில் எங்கள் ஊரில் அந்தக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) மாணவர்களின் ஏழு நாள் சிறப்பு முகாம். நான்காம் நாள் கண் பரிசோதனை. புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வேன் வந்து கூட்டிப்போகும் என்றும் சொன்னார்கள். பெரியம்மா அன்றைக்குச் சாயங்காலமே ஒரு மஞ்சள் பையில் இரண்டு சேலை, துண்டு, தட்டு, டம்ளர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். முகாம் முடிந்தது, பேனரைக் கழற்றினார்கள், காலேஜ் பஸ் கிளம்பியது. வேன் வரவே இல்லை. அந்தப் பை மாசி மாதம் நான் ஊருக்குப் போனபோதும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "எடுத்து வச்சிரலாமா பெரியம்மா" என்றால், "இருக்கட்டும்டா, வந்தாலும் வருவாங்க" என்கிறார்.

இதற்குத்தான் விருது.

நானும் கல்லூரி ஆசிரியன்தான். நான்கு வருடம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவன். மண்வெட்டி வாடகைக்கு எடுப்பதிலிருந்து ராத்திரி மாணவிகள் தங்கும் இடத்துக்குக் காவல் இருப்பது வரைக்கும் எல்லாம் செய்திருக்கிறேன். அதனால் "வெளியே நின்று பேசுவது சுலபம்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். முகாம் முடிந்ததும் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணி நேரம், எத்தனை மரக்கன்று, இடமும் நேரமும் பதிவான போட்டோ இருக்கிறதா. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் கணக்கு வந்துவிட்டதா. கன்று பிழைத்ததா என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் இருக்கிறது.

ஊரைக் கேட்டீர்களா என்பதுதான் என் கேள்வி. இது ஒரே ஒரு கல்லூரியின் தவறு என்று நான் சொல்லவில்லை. கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் (NAAC) குழுவின் அளவுகோல்களில் விரிவாக்கப் பணிக்கும் மதிப்பெண் உண்டு. அதற்கு அறிக்கையும் போட்டோவும் எண்ணிக்கையும் கொடுக்கிறோம். அதே நாக், 2017இல் மாற்றிய முறையில் மாணவர் திருப்தி ஆய்வு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மாணவர்களுக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் கல்லூரி எப்படி என்று கேட்டார்கள். ரொம்ப நல்ல காரியம். மாணவனைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஊரைக் கேட்க ஏன் தோன்றவில்லை?

"ஊர் மக்களுக்கு மதிப்பீடு செய்யத் தெரியுமா?" என்று ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். படித்ததும் மனசு வலித்தது. நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தபோதே, அதன் 17ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கிராம சபை கையில்தான் கொடுத்தார்கள். எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், எவ்வளவு கூலி என்று ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்துக் கேட்டார்கள். கோடிக்கணக்கான ரூபாய்க் கணக்கைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, வேன் வந்ததா வரவில்லையா என்று சொல்லத் தெரியாதா?

என் பெரியம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்துக் கற்றவர் அவர். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட காலம் அது. பக்கத்துத் தெருவில் காலேஜ் படித்த அக்கா ஒருவர், களை பறித்துவிட்டு வந்த பெண்களை ராத்திரி அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்காரவைத்து, மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியம்மா முதன்முதலாகப் பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து, "அறந்தாங்கி" என்று சத்தமாகச் சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்த அக்கா யாருக்கும் போட்டோ அனுப்பவில்லை.

முகாமில் பயனாளிகள் பதிவேட்டை நீட்டியபோது ஒரு பையன் மைப் பெட்டியையும் எடுத்திருக்கிறான். "மை தடவ வந்துச்சு அந்தப் புள்ள. பேனாவக் குடுன்னேன்" என்று பெரியம்மா சொன்னார். கட்டம் கண்ணுக்குத் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்துப் போட்ட கையெழுத்து. இரண்டு கட்டத்தில் ஏறி இறங்கிக் கிடக்கிறது. அறிக்கையின் பின்னிணைப்பில் பார்த்தேன். அவர் பயனடைந்ததற்கு ஆதாரம் என்று வைத்திருப்பது அதைத்தான்.

"ஏதோ செய்கிறார்களே, அதையும் கெடுக்காதே" என்கிறார்கள். செய்வதாகச் சொல்லி ஒரு கிழவியை ஐந்து மாதம் காக்கவைத்ததை ஏதோ செய்ததாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. "மாணவர்களுக்கு அனுபவம் கிடைக்கிறது" என்பது உண்மை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பெரியம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனவர்கள் அவர்கள்தான். "ஆசிரியர்களுக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை" என்பதும் நூற்றுக்கு நூறு சரி. அப்படியானால் ஒரு ஊரில் ஒரு வேலை மட்டும் எடுங்கள். எட்டுப் பேரைப் பரிசோதித்து, எட்டுப் பேரையும் ஆபரேஷன் முடியும் வரை கூட இருந்து பாருங்கள். அறிக்கையில் எட்டு என்றே எழுதுங்கள். எட்டு என்று எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற பயம்தான் இதையெல்லாம் செய்ய வைக்கிறது.

அப்புறம் அந்தத் "தத்தெடுத்தல்". கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டம் 2014இல் வந்ததிலிருந்து, ஐந்து கிராமங்களைத் தத்தெடுத்திருக்கிறோம் என்று கல்லூரி வாசலிலேயே எழுதி வைக்கிறார்கள். எங்கள் ஊருக்குக் கண்மாய் இருக்கிறது, கோயில் இருக்கிறது, கோபப்படவும் சமாதானம் சொல்லவும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்களை யார் அனாதை என்று சொன்னது? 1969இல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கம் "எனக்காக அல்ல, உனக்காக". முகாமில் ஒவ்வொரு நாள் காலையும் அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சொல்லியிருக்கிறேன். அந்த "உனக்காக" யார் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க வேண்டாமா?

பெரியம்மாவை அடுத்த செவ்வாய்க்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். நீங்கள் யாரும் வேன் அனுப்ப வேண்டாம். மே 1 அன்று எங்கள் ஊரில் கிராம சபை, காலை 11 மணிக்கு. விருது வாங்கிய அறிக்கையைக் கொண்டுவந்து, பயனாளிகள் பெயர்ப் பட்டியலை அங்கே வாசியுங்கள். பெயர் வந்தவர்கள் எழுந்து நின்று சொல்லட்டும். பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.