பைக்குக் காசு வாங்கச் சொன்னது சட்டம் அன்று

பாலக்காட்டுப் பெரிய கடைகளில் பொருள்களைப் போட்டுத் தரும் பைக்குத் தனியே காசு வாங்குவதும், விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் புதிய சட்டத்தால் வந்தவை, கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியன்று.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. பையைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே விலையைத் தெரிவிக்காமல், பில் போடும் இடத்தில் திடீரெனக் காசு சேர்ப்பது தவறு என 2020 டிசம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து பலரும் போகும் ஒரு கடையில், முன்பு பாத்திரப் பிரிவில் தமிழிலும் மலையாளத்திலும் பொறுமையாக விளக்கிச் சொல்ல ஆட்கள் நின்றார்கள். இப்போதோ வரிசையாக இருக்கும் பில் கவுண்டர்களில் இரண்டில் மட்டுமே ஆள் இருக்கிறார், கைப்பிடி ஆடும் குக்கரைத் திருப்பிக் கொண்டுபோனால் ‘கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க’ என்கிறார்கள். ஆளைக் குறைத்தது நிர்வாகத்தின் முடிவு. எந்தச் சட்டமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மாநில எல்லையான வாளையாறு தாண்டிக் கோவையில் வாங்கியவர்களும் அங்கே போய் அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. ரசீதின் எழுத்து விரைவில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.